திசைக்குறி இல்லாத வரைபடம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஆல்ப்ஸ் மலைக் கிராமமொன்றின் நவீன பாலர் பாடசாலை பற்றித் தங்கள் ஞாயிறு மலர் இரண்டு பக்க வண்ணப் படங்களோடு வெளியிட்ட கட்டுரையைப் படித்தோம். நல்ல கட்டடம். அதில் குறை சொல்ல எங்களுக்கு எதுவுமில்லை. ஆனால் கடைசிப் பந்தியில், போகிற போக்கில் ஒரு வரி: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் முன்பள்ளிகள் இன்னும் அரைச்சுவர்க் கொட்டில்களாக இருப்பதற்கு "இரசனைக் குறைவே" காரணமாம். ஆனி, ஆடியில் கச்சான் என்ற வெக்கைக் காற்று வீசும்போது, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு கொட்டிலில் ஒரு மணித்தியாலம் இருந்து பார்த்தவர் இப்படி எழுதமாட்டார்.

அந்தக் கிராமம் இருப்பது ஏறத்தாழ 47 பாகை வட அகலக்கோட்டில். டிசம்பர் கடைசியில் அங்கே நண்பகல் வெயிலே அடிவானத்திலிருந்து 20 பாகைக்கு மேல் எழாது. அந்தச் சாய்ந்த வெயிலை உள்ளே அழைத்துப் பிடித்து வைக்கத்தான் தெற்குச் சுவர் முழுக்க மூன்று அடுக்குக் கண்ணாடி. பனியின் பாரத்துக்குத்தான் அந்தத் தடித்த கூரை மரங்கள். அழகுக்காக வைத்தவை அல்ல. மட்டக்களப்போ ஏழே முக்கால் பாகையில் கிடக்கிறது. ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். தாங்கள் அறியாததல்ல.

முன்பள்ளி எட்டு, எட்டரைக்குத் தொடங்கி நண்பகலுக்கு முன் கலைந்துவிடும். ஆகவே இங்கே பகை கிழக்குச் சுவர்தான். மேற்கு வெயில் வரும்போது பிள்ளைகள் வீட்டில் சோறு தின்றுகொண்டிருப்பார்கள். எட்டரை மணிக்கு வெயில் ஏறத்தாழ 35 பாகையில் விழும். 7 அடி உயரத்தில் கூரை விளிம்பு வைத்து 5 அடி விறாந்தை போட்டால், வெயில் சுவரில் மூன்றரை அடி வரை ஏறும். நாலு வயதுப் பிள்ளையின் முகம் அந்த உயரத்துக்குள்தான் இருக்கிறது. விறாந்தையை 8 அடியாக்கினால் ஒன்றரை அடியோடு நின்றுவிடும். இனிக் கொட்டிலைப் பாருங்கள். நாலே முக்கால் அடியில் தொங்கும் தென்னோலைக் கிடுகுத் தாழ்வாரம் 3 அடி வெளியே நீண்டால், வெயில் இரண்டே முக்கால் அடியைத் தாண்டாது. அரைச்சுவரின் உயரமும் அவ்வளவுதான். பெரியவர்கள்தான் குனிந்து நுழைய வேண்டும். பிள்ளைகள் நிமிர்ந்தே போவார்கள். இதற்குப் பெயர் இரசனைக் குறைவு!

கொட்டிலையே கட்டிக்கொண்டு அழச் சொல்லவில்லை. கிடுகு வருடா வருடம் மாற்ற வேண்டியது, தீக்கும் பயம். ஆனால் அதை இடித்துவிட்டு வந்தவை என்ன? சுனாமிக்குப் பிறகு எழும்பிய கட்டடங்கள் சிலவற்றில் நன்கொடையாளரின் பெயர்ப்பலகை யன்னலைவிடப் பெரிது. தகரக் கூரையில் மார்கழி மழை இறங்கினால் ஆசிரியையின் குரல் இரண்டாம் வரிசைக்கே போகாது. அஸ்பெஸ்டஸ் சீற்றை அறுத்த தூள் பிள்ளைகள் உருளும் முற்றத்தில் கிடக்கும். விறாந்தைக் கூரையைப் பெருங்கூரையோடு ஒரே இழுப்பாக நீட்டிவிடுவார்கள். காற்று அடியில் புகுந்து தூக்கினால் இரண்டும் சேர்ந்தே போகும். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட மாவட்டத்தில் இதைச் செய்யலாமா? விறாந்தைக் கூரை தனியாக நிற்க வேண்டும், போனால் அது மட்டும் போகட்டும். கைமரங்களைப் பட்டி இரும்பால் சுவர்த்தலையில் ஓடும் கொங்கிறீற் வளையத்தோடு கட்ட வேண்டும். ஆணி மட்டும் காணாது.

அளவுகள் இன்னும் மோசம். தள மட்டத்தைத் தெருவிலிருந்து எடுக்கிறார்கள். தெருவுக்குத் தார்க் கார்ப்பெற் போடப் போட முன்பள்ளி குளமாகிறது. வெள்ளம் நின்ற அடையாளத்திலிருந்து எடுத்து, அதற்கு மேல் வைக்க வேண்டும். ஒன்றரை அடி ஏற்றினால் நாலரை அங்குலத்தில் நாலு படி. வழக்கமான ஏழு அங்குலப் படியில் பிள்ளை தவழ்ந்துதான் ஏறும். யன்னல் கம்பி நிமிர்ந்து நிற்க வேண்டும், இடைவெளி 4 அங்குலத்துக்குள். குறுக்குக் கம்பி போட்டால் அது ஏணி. மலசலகூடத்தில் பெரியவர்களின் குந்து கோப்பையைப் பதித்துவிட்டு, பிள்ளை வீட்டுக்குப் போகும்வரை அடக்கி வைத்திருப்பதற்குப் பழக்கக் குறைவு என்று பெயர் வைக்கிறார்கள். பத்து அங்குல உயரத்தில் சின்னக் கோப்பை, 20 அங்குலத்தில் தண்ணீர்க் குழாய், உள்தாழ்ப்பாள் இல்லாத 4 அடிக் கதவு. இதற்கு ஆல்ப்ஸ் போக வேண்டியதில்லை.

எங்கள் பக்கம் தங்கள் பத்திரிகையில் வருவது வெள்ளம் வந்தால்தான், அதுவும் "மீன்பாடும் தேனாடு" என்ற அடைமொழியோடு. குடிநீர்க் கிணறும் மலக்குழியும் 50 அடி இடைவெளி இல்லாமல் வெட்டப்படுவது பற்றி நாங்கள் எழுதிய கடிதம் பாதியாய் வந்தது. வந்த பாதியில் அந்த 50 அடி இல்லை. பொறுத்துக்கொண்டோம்.

இப்போது அந்தப் படத்தை வெட்டி எடுத்துக்கொண்டு, இதேபோல் ஒன்று கட்ட மதிப்பீடு போட்டுத் தரச் சொல்லி ஆட்கள் வருகிறார்கள். கண்ணாடியை எந்தப் பக்கம் வைப்பதென்று கேட்டால், படத்தில் இருக்கிற பக்கம் என்கிறார்கள். அச்சான தரைப்படத்தில் வடக்கு எது என்ற குறியே இல்லை. இனிமேல் கட்டடப் படம் போடும்போது தயவுசெய்து ஒரு மூலையில் வடக்குக் குறியையும் அளவுகோலையும் விட்டுவிடாமல் அச்சிடுங்கள். அரை அங்குல இடம்தான் கேட்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழினுட்ப உத்தியோகத்தர் இருவர்,
களுவாஞ்சிகுடி.