ஆற்றை மூடிய ஊரிலிருந்து

கிரனாடா, ஸ்பெயின்
ஞாயிறு மாலை

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலி தைலத்துக்கு அடங்கவில்லை என்றால் இனியும் தள்ளிப்போடாதே, டாக்டரைப் பார். அத்தை எழுந்து நடமாடுகிறார் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. இங்கே பேத்திக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது. மகள் வேலைக்குக் கிளம்பியதும் அவளைத் தூக்கிக்கொண்டு நான் ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறேன்.

ஊர் எப்படி என்று கேட்டிருந்தாயே. அல்ஹம்ப்ரா கோட்டையைப் பற்றி நீயே படித்திருப்பாய். அதற்கு எதிர்க்குன்றில் இருக்கும் அல்பைசினுக்குத்தான் நான் அடிக்கடி போகிறேன். முஸ்லிம்கள் ஆண்ட காலத்துக் குடியிருப்பு. சந்துகள் அவ்வளவு குறுகல், அவ்வளவு ஏற்றம். தரையெல்லாம் கூழாங்கல் பதித்திருப்பதால் தள்ளுவண்டி உதவாது, குழந்தை என் இடுப்பில்தான். ஆங்காங்கே செங்கல் வளைவு வைத்த சின்ன வாசல்கள் தென்படும். அத்தனையும் தண்ணீர்த் தொட்டிகள். அல்ஃபகார் ஊற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்த தண்ணீரைத் தேக்கி, தெருத்தெருவாகக் குடித்திருக்கிறார்கள். இருபதுக்கும் மேல் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. ஒன்றின் கம்பிக் கதவில் முகத்தை வைத்துப் பார்த்தேன். உள்ளே இருட்டு, ஈர மண் வாசனை. நம் ஊர்க் கிணற்றடி ஞாபகம் வந்துவிட்டது.

1492-ல் ஊர் கிறிஸ்தவ அரசர்கள் கைக்குப் போனது. ரியாலேஹோ பக்கம் இருந்த யூதர்களை அந்த வருஷமே நாட்டை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். மதம் மாறி இங்கேயே தங்கிய முஸ்லிம் குடும்பங்கள் 1568-ல் கலகம் செய்ய, கொஞ்ச நாளில் அவர்களையும் வெளியேற்றினார்கள். அல்பைசினில் வீடுகள் காலியாகி இடிந்தன. இரண்டு மூன்று மனைகளைச் சேர்த்து மதில் எழுப்பி, உள்ளே தோட்டம் போட்ட வீடுகள் இப்படித்தான் பெருகின. அவற்றுக்குக் 'கார்மென்' என்று பெயர், திராட்சைத் தோட்டத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததாம். மதிலுக்கு மேல் மாதுளங்கிளை எட்டிப் பார்க்கும்போது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே அடுப்பெரிந்த வீடுகளை நினைக்காமல் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

கீழே தாரோ ஆறு ஓடுகிறது. ஆறு என்றால் ஓடை அளவுதான். சாந்தா அனா தேவாலயம் வரை சலசலத்துக்கொண்டே கூட வரும், அங்கே ஒரு சுரங்க வாயில் புகுந்து காணாமல் போய்விடும். 19-ம் நூற்றாண்டில் ஊர் நடுவே அதன் மேல் வளைவு கட்டி மூடித் தெருவாக்கிவிட்டார்கள். பஸ்ஸும் டாக்ஸியும் இப்போது ஆற்றின் தலைமேல் ஓடுகின்றன.

1895-ல் கிரான் வியா என்ற நேர்ச்சாலைக்காகப் பழைய நகரத்தின் நடுவயிற்றைக் கிழித்தார்கள். வெளியே சமவெளியில் பீட்ரூட் சர்க்கரை ஆலைகள் கொழித்த காலம் அது. அந்தப் பணம் இங்கே மாளிகைகளாக நிற்பதால் 'சர்க்கரைச் சாலை' என்றும் சொல்வார்கள். அதற்காக இடித்த வீடுகளில் ஒன்றிரண்டையாவது விட்டுவைத்திருக்கலாம். எனக்கு மனசு ஆறவில்லை.

நாங்கள் இருப்பது ஹெனில் ஆற்றுக்குத் தெற்கே, சைதின். 1950-களில் ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து வளர்ந்த பகுதி. சுற்றுலாக்காரர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. சந்தை, ரொட்டிக் கடை, பெஞ்சில் உட்கார்ந்து பேசும் கிழவர்கள் என்று நாள் முழுக்க உயிரோடு இருக்கிறது.

கீழ்வீட்டுப் பாட்டி இந்த ஊரின் சாக்ரோமொந்தே குன்றில் ஒரு குகை வீட்டில் பிறந்தவர். 1963 மழையில் குகைகள் சரிந்தபோது அவருக்குப் பத்து வயது. ஆயிரக்கணக்கான பேரைக் கொட்டகைகளுக்கு மாற்றினார்கள், பெரும்பாலோர் திரும்பிப் போகவே இல்லை. இதைச் சொல்லும்போது பாட்டி மேஜைமேல் விரலால் குகையைப் போட்டுக் காட்டினார்: இங்கே அடுப்பு, இங்கே கழுதை, இங்கே அம்மா. மகள்தான் மொழிபெயர்த்தாள். கழுதை வந்த இடத்தில் அவளுக்கும் குரல் கம்மிவிட்டது.

அடுத்த வாரம் பஸ் பிடித்து அந்த அல்ஃபகார் ஊற்றைப் பார்க்கப் போகிறேன். பாட்டியும் வருகிறேன் என்றிருக்கிறார். நீ டாக்டரைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று உடனே எழுது.

அன்புடன்,
உன் வசந்தி