தம்பிமாரே, இந்தமுறை கணக்கை வாசியுங்கள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் றக்பி விளையாடும் தம்பிமாருக்கும், கழக நிர்வாகிகளுக்கும், கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருந்து காசு அனுப்பும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

மறைந்த என் மருமகனின் பெயரில் நீங்கள் நடத்தப்போகும் நினைவுச் சுற்றுப்போட்டியின் அழைப்பு என் கைபேசிக்கும் வந்தது. அணிக்கு 7 பேர், இரண்டு நாள், மின்னொளியில் இறுதிப்போட்டி, வெற்றிக்கிண்ணம், ரீ-சேட். அடியில் ஒரு வங்கிக் கணக்கு இலக்கம். அது தனி ஆள் ஒருவரின் பெயரில் இருக்கிறது. சேரும் காசு எதற்கு என்று ஒரு வரிகூட இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

நான் றக்பி விளையாடியவன் இல்லை. 30 வருடத்துக்கு மேல் ஆண் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் உதைபந்தும் கிரிக்கெட்டும்தான். புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து. கண்டியிலும் கொழும்பிலும் நூறு வருடத்துக்கு மேல் ஊறிப்போன றக்பியைக் கல்லடிக் கடற்கரை மணலில் உங்களில் பலருக்குப் பழக்கியவன் அந்த மருமகன், என் மூத்த அக்காவின் மகன். கொழும்பில் வேலை செய்த இடத்தில் கற்றுக்கொண்டு வந்தான். மோட்டார் சைக்கிள் விபத்தில் அவன் போனபோது பாடையைத் தூக்கியவர்கள் நீங்கள். அந்த நன்றி எனக்கு என்றைக்கும் இருக்கிறது.

அவனுடைய ஆண்டு நினைவுக்கு முதல் போட்டியை நடத்தினீர்கள். அனுசரணையாளர்களின் பதாகைகள் கட்டியிருந்தன, உண்டியல் சுற்றி வந்தது, லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் காசு வந்ததாக அறிவித்தீர்கள். அக்கா வெள்ளைச் சேலையோடு போய்க் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு வந்தா. பல மாதம் கழித்து ஒருநாள் வாசல்படியில் இருந்தபடி சொன்னா: "என்ட புள்ளைட பேர ஒலிபெருக்கியில கேக்கக்குள்ள நெஞ்சு நிறைஞ்சிச்சு தம்பி. எவ்வளவு சேந்திச்சு, என்னத்துக்குப் போச்சு எண்டு ஒருத்தரும் வந்து சொல்லல்ல."

ஒருவரும் களவெடுக்கவில்லை என்றே நம்புகிறேன். பந்தலுக்கும் மின்பிறப்பாக்கிக்கும் சாப்பாட்டுக்கும் சேட்டுக்கும் போயிருக்கும். ஆனால் நம் ஊர்க் கோயில்களில் திருவிழா முடிந்தால், கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் சபைக்கு முன் கணக்குச் சொல்ல வேண்டும். மரண உதவிச் சங்கத்தில் மாதச் சந்தாவுக்குக்கூடப் பற்றுச்சீட்டு எழுதுகிறார்கள். செத்துப்போன ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி எடுத்த காசுக்கு அதைவிடக் குறைந்த மரியாதையா?

இப்போது மற்றப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்பாறைப் பக்கம், ஊரையும் பெயரையும் எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். பயிற்றுநர் இல்லாத ஒரு பின்னேரம், பெடியள் தாங்களாகவே ஸ்க்ரம் கட்டி, அதாவது இரு பக்கமும் குனிந்து தோளோடு தோள் பிணைந்து, தள்ளிப் பார்த்தபோது அது சரிந்து, கழுத்து எலும்பு உடைந்தது. ராகம புனர்வாழ்வு வைத்தியசாலையில் மாதக்கணக்காக இருந்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறான். போன மாதம் போய்ப் பார்த்தேன். முன்னறையில் கட்டில், அதன்மேல் காற்று மெத்தை, காலடியில் அதற்குக் காற்று அடிக்கும் சின்ன மோட்டார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். தாய் இரவிலும் எழும்பிச் செய்கிறா. மின்சாரம் போனால் மோட்டாரின் இரைச்சல் நிற்கும். மெத்தை இறங்கிவிடுமே என்று, அந்த அமைதியிலேயே தனக்கு விழிப்பு வந்துவிடுகிறது என்றா. மருந்து கட்டும் துணி, சிறுநீர்க் குழாய், பை, கையுறை எல்லாம் மாதாமாதம் வாங்க வேண்டிய சாமான். திரும்ப ராகமைக்குக் காட்டப் போவதென்றால் உதயதேவி ரயிலில் இருத்திக் கொண்டுபோக முடியாது, வான் பிடிக்க வேண்டும். அவன் கட்டிலுக்கு மேலே சுவரில் என் மருமகனின் நினைவுப்போட்டிச் சேட் தொங்குகிறது. அந்தப் போட்டியில் அவன் விளையாடியிருக்கிறான்.

றக்பிக்காரர்கள் பிற இடங்களில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடி வாசித்தேன். ஸ்கொட்லாந்துக்காக 61 போட்டிகள் ஆடிய டொடி வியர், தசைகளை இயக்கும் நரம்புகள் சிறிது சிறிதாக அழியும் நோய் வந்த பிறகு, 2017 இல் தான் உயிரோடு இருக்கும்போதே ஒரு நிதியத்தைத் தொடங்கினார். அந்த நோய்க்கான ஆராய்ச்சி, அந்த நோயாளிகளின் குடும்பங்களுக்கு உதவி: காசு இவற்றுக்குத்தான் என்று கொடுப்பவனுக்கு முதல் நாளே தெரியும். 2022 இல் அவர் போன பிறகும் அது நடக்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் றக்பி அணியில் ஆடிய ரொப் பரோவுக்கும் அதே நோய் வந்தது; 2024 இல் அவரும் போய்விட்டார். அவருடைய நண்பர் கெவின் சின்ஃபீல்ட், பரோவின் சட்டை இலக்கம் 7 என்பதால், 2020 டிசம்பரில் 7 நாளில் 7 மரதன் ஓடினார். 77,777 பவுண் கேட்டார். பத்து இலட்சத்தைத் தாண்டி வந்தது. 2005 இல் இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணிப் பயிற்சியில் ஸ்க்ரம் சரிந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த மெற் ஹம்ப்சன், தன்னைப்போல் அடிபட்ட இளைஞர்களுக்காக ஒரு நிலையமே கட்டியிருக்கிறார். அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. 2011 இல் தெற்கே தெவுந்தரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்தவர்கள் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கென்று சொல்லித்தான் காசு சேர்த்தார்கள். நாமும் ஏற்கெனவே ஒருவரை நினைவில் வைத்திருக்கிறோம். அமெரிக்காவிலிருந்து வந்து நம் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்கிய வெபர் அடிகளாரின் பெயரில்தானே நம் மைதானம் நிற்கிறது?

ஆகவே கேட்கிறேன். போட்டியை நடத்துங்கள், மின்னொளியும் இருக்கட்டும். சேரும் காசு முதலில் அந்தக் கட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு என்று அழைப்பிலேயே எழுதுங்கள். மிஞ்சுவதில் இரண்டு பேரையாவது முறையான பயிற்றுநர் வகுப்புக்கு அனுப்புங்கள். உலக றக்பியின் விதிப்படி 19 வயதுக்குட்பட்டவர்கள் ஸ்க்ரமில் ஒன்றரை மீற்றருக்கு மேல் தள்ளக்கூடாது. அன்று பின்னேரம் அதைச் சொல்லித் தடுக்க அங்கே ஒருவரும் இருக்கவில்லை. இன்னொரு வீட்டில் அந்த மோட்டார் இரையக் கூடாது.

தனி ஆளின் கணக்கு இலக்கத்தை இன்றே எடுத்துவிடுங்கள். அந்தத் தம்பியில் எனக்குச் சந்தேகம் இல்லை; நாளைக்கு ஒருவன் வாய்க்கு வந்ததைச் சொன்னால் அவனைக் காப்பாற்றுவதற்கும் இதுதான் வழி. கழகத்தின் பெயரில் கணக்குத் திறந்து மூன்று பேர் கையொப்பம் வையுங்கள். ஒருவர் கழகத்தவர், ஒருவர் குடும்பத்தவர், மற்றவர் விளையாட்டோடு சம்பந்தமில்லாத, ஊர் மதிக்கும் ஒருவர். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர் சும்மா இருக்கிறார்கள். செலவு இவ்வளவுக்கு மேல் போகாது என்று முதலே முடிவெடுங்கள். சேட்டுக்கு அனுசரணை தர வருபவரிடம் ஒரு மாத மருந்துச் சாமானுக்கும் கேட்டுப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. மாட்டேன் என்று சொல்பவர் குறைவாகத்தான் இருப்பார்.

போட்டி முடிந்து ஒரு மாதத்துக்குள் வரவு செலவை அதே ஒலிபெருக்கியில் வாசியுங்கள். வெளிநாட்டில் இருந்து அனுப்பியவர்களுக்கும் அந்தத் தாள் போகட்டும். முதல் போட்டியின் கணக்கும், கிடைக்கும் சீட்டுகளை வைத்து, அன்றே வாசிக்கப்பட வேண்டும். குறையிருந்தால் குறையோடு வாசியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அந்தப் பிள்ளையின் தாயும் வர ஆசைப்படுகிறா. அந்த மூன்று மணித்தியாலம் அவனைப் புரட்டிப் படுக்க வைக்க உங்களில் இரண்டு பேர் அவர்களின் வீட்டுக்குப் போக வேண்டும். எப்படி என்று சனிக்கிழமை பின்னேரம் நான் காட்டித் தருகிறேன். யார் யார் வருவீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பயிற்றுநரின் தாய்மாமன்,
கல்லடி