சுவரில் தொங்கிய அந்த அட்டை

கல்லிடைக்குறிச்சி
கார்த்திகை 12

அன்புள்ள சங்கரலிங்கத்துக்கு,

இங்கு நலம். மதினிக்கு முட்டுவலி தேவலையா என்று கோமதி கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். எட்டு மாதமாக எழுதாததற்குத் திட்டுவதென்றால் தனிக் கடிதத்தில் திட்டும். போனில் பேசக் கூடாதா என்பீர். போனில் உமக்குப் பாதிதான் காதில் விழும், மீதியை நீராக இட்டுக்கட்டிக்கொள்வீர். இது இட்டுக்கட்டக் கூடாத சங்கதி.

நம் மின்வாரிய ஆபீஸ் ஸ்டோர்ஸ் பிச்சையா செத்துப் பிழைத்துவிட்டார். பேச்சுக்குச் சொல்லவில்லை. ஐப்பசிக் கடைசியில், ஆற்றுப் படித்துறையில், என் கண் முன்னால் செத்தார். என் கண் முன்னால் திரும்பி வந்தார்.

விடிந்தும் விடியாத நேரம். மழை விட்டு இரண்டு நாளாகி ஆறு கொஞ்சம் தெளிந்திருந்தது. நான் குளித்து முடித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். பிச்சையா வேட்டியை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால் வேட்டி பாதி கல்லில், பாதி தண்ணீரில். ஆள் படியில் சரிந்து கிடக்கிறார். வழுக்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

நாலு பேர் கூடினோம். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். ஒருவர் வலிப்பு என்று சொல்லிச் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். சோடா வாங்க ஒருவர் ஓடினார். வாய் மட்டும் அவ்வப்போது கரையில் போட்ட கெளுத்தி மாதிரி திறந்து திறந்து மூடியது. "மூச்சு இருக்கிறது, பயமில்லை" என்று ஒரு பெரியவர் சொல்ல, எங்களுக்கும் அது ஆறுதலாக இருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரிக்காதீர். முப்பத்தைந்து வருடம் சுவரில் பார்த்த அந்த அட்டை ஞாபகம் வந்துவிட்டது. மின்சாரம் தாக்கியவருக்கு முதலுதவி; சட்டம் போட்ட கண்ணாடிக்குள் ஈயின் எச்சத்தோடு தொங்குமே. ஆளைக் குப்புறப் படுக்கவைத்து, தலையை ஒருபக்கம் சாய்த்து, முதுகில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்து. பிறகு முழங்கைகளைத் தூக்கு. நான் பிச்சையாவின் தோளைப் பிடித்துப் புரட்ட ஆரம்பித்தேன்.

"தாத்தா, திருப்பாதீர்கள்!" என்று ஒரு குரல். சீதை டீச்சரின் பேத்தி. நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறாளாம், லீவுக்கு ஆச்சி வீட்டுக்கு வந்தவள். நாலு படியை ஒரே தாவாகத் தாவி வந்தாள். தோளைத் தட்டிக் கூப்பிட்டாள். நெஞ்சைக் கூர்ந்து பார்த்தாள். "இது மூச்சு இல்லை. இதயம் நின்றபிறகு வருகிற திணறல்" என்றாள். அங்கே நின்றவர்களில் ஒருவரைப் பார்த்து, அவரை மட்டும் பார்த்து, "நீங்கள் 108க்குப் போன் செய்யுங்கள்" என்றாள். பொதுவாக யாராவது செய்யுங்கள் என்றால் ஒருவரும் செய்ய மாட்டார்களாம். நம் ஆபீஸை நினைத்துக்கொண்டேன்.

பிறகு மண்டியிட்டு, மார்பின் நடு எலும்பின் மேல் ஒரு உள்ளங்கையின் அடிமேட்டை வைத்து, அதன்மேல் மறு கையை வைத்து, முழங்கை மடங்காமல் உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தத் தொடங்கினாள். ஓய், இரண்டு அங்குலம் உள்ளே போகிறது. ஒவ்வொரு அழுத்துக்கும் நெஞ்சு முழுதாக மேலே வரவும் விடுகிறாள். நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது. வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தாள். இரண்டு நிமிடம் ஆனதும், "தாத்தா, நீங்கள் வாருங்கள், எனக்குக் கை தளர்ந்தால் அவருக்கு ரத்தம் போகாது" என்றாள். நான் அழுத்தினேன். மூன்றாவது அழுத்தில் உள்ளே விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். கையை எடுத்துவிட்டேன். "விலா எலும்பு, ஒட்டிக்கொள்ளும், நிறுத்தாதீர்கள்" என்று அதட்டினாள். அந்தச் சத்தம் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. சோறு பிசையும்போதுகூட வருகிறது.

வண்டி வரப் பன்னிரண்டு நிமிடம். அந்த வண்டிக்காரப் பையன் டிபன் கேரியர் அளவில் ஒரு பெட்டியைத் தூக்கி வந்தான். இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் பெட்டி, ஏ.இ.டி. என்று பெயராம். முதலில் பிச்சையாவை ஈரப் படியிலிருந்து மேலே மண்டபத் திண்ணைக்கு ஏற்றச் சொன்னான். நெஞ்சை என் துண்டால் சொட்டு ஈரமில்லாமல் துடைத்தான். ஈரமிருந்தால் மின்சாரம் இதயத்துக்குள் போகாமல் தோல்மேலேயே ஓடிவிடும். அது நமக்குச் சொல்லித் தரவேண்டியதா? ஒட்டும் பட்டை ஒன்று வலது காறை எலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கம். பெட்டி தானாகவே இதயத்தின் மின்னோட்டத்தைப் பார்த்து, ஷாக் தேவை, யாரும் தொடாதீர்கள் என்று ஆங்கிலத்தில் பேசியது. பையன் எங்களைச் சுற்றிப் பார்த்து, "தள்ளி நில்லுங்கள், யாரும் தொடக் கூடாது!" என்றான். கம்பியில் மின்சாரம் இல்லையென்று லைன் கிளியர் வாங்கிப் பழகிய உடம்பில்லையா, இரண்டு எட்டுப் பின்னால் குதித்துவிட்டேன்.

பிச்சையாவின் தோள் ஒருமுறை துள்ளியது. அவ்வளவுதான். சினிமாவில் காட்டுவதுபோல் ஆள் ஒரு முழம் எழும்பவில்லை. எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று நான் பார்த்தால், அந்தப் பெண் கண்ணிமைக்கும் நேரம்கூடத் தாமதிக்காமல் மறுபடி அழுத்த ஆரம்பித்துவிட்டாள். அப்படித்தான் செய்ய வேண்டுமாம். இன்னும் ஒரு நிமிடம் போனதும் பிச்சையா முனகிக் கையைத் தள்ளினார்.

திருநெல்வேலியில் ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். என்னைப் பார்த்து முதல் கேள்வி: "என் வேட்டி எங்கே?" பத்திரமாக இருக்கிறது என்றேன். "யாரிடம் கொடுத்தீர்? கையெழுத்து வாங்கினீரா?" இரண்டு அடி ஒயருக்கு மூன்று கையெழுத்துக் கேட்டவர், எமனிடமும் இன்டென்ட் சீட்டுக் கேட்டிருப்பார். சிரித்தேன். ஐந்து நிமிடம் கழித்து அதையே கேட்டார். பிறகு மறுபடியும். அப்போது சிரிப்பு வரவில்லை. மூளைக்கு ரத்தம் குறைந்ததால் சில நாள் இப்படி மறதி இருக்கும் என்று டாக்டர் சொன்னார். இப்போது நன்றாகத் தேறிவிட்டார். வேட்டியையும் ஒப்படைத்துவிட்டேன், கையெழுத்து வாங்கிக்கொண்டு.

இனிமேல்தான் நான் எழுத வந்தது.

வீட்டுக்கு வந்தபிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்தப் பெண்ணைக் கேட்டுத் துளைத்துவிட்டேன், பிறகு பேரன் கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுத்ததையெல்லாம் படித்தேன். மாரடைப்பு வேறு, இது வேறு. மாரடைப்பு என்பது கன்னடியன் கால்வாயில் மடை அடைத்துக்கொள்வது போல. அந்தப் பக்கத்து வயல் காயும், ஆனாலும் ஆள் பேசிக்கொண்டிருப்பான். கார்டியாக் அரெஸ்ட் என்பது மோட்டாருக்கு வருகிற சப்ளையே தாறுமாறாகிப்போவது. பல சமயம் இதயத்தின் கீழறைத் தசைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நடுங்கும். சேர்ந்து சுருங்கி ரத்தத்தைத் தள்ளாது. முன்னது பின்னதில் கொண்டுபோய் விடுவதும் உண்டு, பிச்சையாவுக்கு ஆனது போல. அந்தப் பெட்டி இதயத்தை ஓடவைப்பதில்லை ஓய், நிறுத்துகிறது. மொத்தத்தையும் ஒரே அடியில் டிரிப் செய்கிறது. பிறகு இதயம் தன் சொந்த சப்ளையில் தானாக எடுத்துக்கொள்கிறது. அசைவே இல்லாமல் நேர்கோடாகிப்போன இதயத்துக்கு அது ஷாக் கொடுக்காது. நூறு வாட் குண்டு பல்பு இரண்டு நொடி எரிகிற சக்தியை, ஏறக்குறைய இரண்டாயிரம் வோல்ட்டில், நூறில் ஒரு பங்கு நொடி, இரண்டு பங்கு நொடிக்குள் இறக்கிவிடுகிறது. ஷாக் இல்லாமல் போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு நூற்றுக்கு ஏழிலிருந்து பத்து வரை குறைகிறதாம். நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தால் அந்தச் சரிவு மெதுவாகும். பன்னிரண்டு நிமிடம் கழித்தும் பிச்சையா திரும்பியது அதனால்தான்.

இதைக் கண்டுபிடித்தவர் டாக்டர்தான் என்று நீரும் நினைப்பீர். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கூவன்ஹோவன் என்று ஒருவர், மின் பொறியியல் பேராசிரியர். நம் ஜாதி! 1920களின் கடைசியில் அவர் இந்த ஆராய்ச்சியில் இறங்கியதே லைன்மேன்கள் ஷாக்கடித்துச் சாகிறார்கள் என்பதற்காக. மின் கம்பெனிகள்தான் பணம் கொடுத்தன. சிறு மின்சாரம் இதயத்தை நடுங்க வைக்கிறது, பெரிய அடி ஒன்று அந்த நடுக்கத்தை நிறுத்துகிறது என்பதை வைத்து, நெஞ்சைத் திறக்காமலே ஷாக் கொடுக்கும் கருவி செய்தார்கள். அவருடன் இருந்த நிக்கர்பாக்கர் என்ற பையன், நாயின் நெஞ்சில் அந்தக் கருவியின் கனமான தகடுகளை அழுத்தி வைக்கும்போதே, மின்சாரம் விடும் முன்பே, ரத்த அழுத்தம் ஏறுவதைக் கவனித்துவிட்டான். அப்படித்தான் நெஞ்சை அழுத்தும் முறை வந்தது. டாக்டர் ஜூடும் சேர்ந்து மூவருமாக 1960இல் எழுதி வெளியிட்டார்கள். எந்த மெஷினும் வேண்டாம், இரண்டு கை போதும்.

1960. நீரும் நானும் கால்சட்டை போட்டுக்கொண்டு திரிந்த காலம். நம் சுடலை கம்பத்தில் ஷாக்கடித்துச் செத்தது 1986.

கம்பத்திலிருந்து அவனை இறக்கியபோது நீர் தலைப்பக்கம் இருந்தீர், நான் கால்பக்கம். அட்டையில் உள்ளபடியே குப்புறப் போட்டோம். ஆள் மாற்றி ஆள், முக்கால் மணி நேரம் முதுகை அழுத்தினோம். 1981இல் வேலாயுதம் அதே முறையில்தான் பிழைத்தான், அதனால் நமக்கு அந்த அட்டைமேல் அவ்வளவு நம்பிக்கை. அவனுக்கு மூச்சு மட்டும்தான் நின்றிருக்கும், இதயம் ஓடியிருக்கும், இப்போது புரிகிறது. சுடலையும் அன்று வாயைத் திறந்து திறந்து மூடினானே, "மூச்சு வருகிறது, விடாதே" என்று நீர் கத்தினீரே, அது எதுவென்று பிச்சையா கிடந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

மல்லாக்கப் புரட்டிப் போட்டு நெஞ்சை அழுத்தியிருந்தால் பிழைத்திருப்பானா? மாட்டான் என்றுதான் என் அறிவு சொல்கிறது. அந்தப் பெட்டி அன்று இந்தப் பக்கத்தில் எங்கே இருந்தது? ஜீப் வரவே ஒரு மணி நேரம் ஆனது. ஆனாலும் அன்றைக்கு இருபத்தாறு வருடத்துக்கு முன்பே அச்சில் வந்த ஒன்று, நம்மைப் போன்றவன் சாகக் கூடாது என்று தொடங்கிய ஒன்று, நம் சுவருக்கு மட்டும் வந்து சேரவில்லையே ஓய். அட்டையை வருடத்துக்கு ஒருமுறை துடைத்துவைத்தோம். கண்ணாடி உடைந்தால் மாற்றினோம்.

இருக்கட்டும். ஆக வேண்டியதைச் சொல்கிறேன். படித்துறைப் பக்கம் அப்படி ஒரு பெட்டி வாங்கி வைக்க வசூல் செய்கிறோம். லட்ச ரூபாய்க்கு முன்னே பின்னே சொல்கிறார்கள். உம் பங்கு பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டேன். மதினியிடம் நான் பேசிக்கொள்கிறேன். எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை. பூட்டிய அறையில் வைத்தால் விடியற்காலையில் சாவிக்காரரைத் தேடுவதற்குள் ஆள் போய்விடுவான். நாலு மணிக்கே திறக்கிற டீக்கடையில் வைக்கலாம் என்கிறேன். பேட்டரியும் ஒட்டும் பட்டையும் காலாவதியாகும், மாதாமாதம் பார்க்க வேண்டும். அதற்குப் பிச்சையாவையே போட்டிருக்கிறோம். இப்போதே ரிஜிஸ்டர் கோடு போட்டுவிட்டார். அவசரத்துக்கு எடுப்பவன் கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்று அவரிடம் எழுதி வாங்கியிருக்கிறேன். அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் பொம்மை வைத்து எல்லாருக்கும் சொல்லித் தருகிறாள். மூச்சு ஊதத் தெரியாதவர்கள் அழுத்தினால் மட்டும் போதும் என்கிறாள். நான் இரண்டுமுறை போய்விட்டேன். என் அழுத்து ஆழம் போதவில்லையாம்.

இன்னொன்று. சுடலையின் வீட்டுக்காரிக்கு இதைச் சொல்ல வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. கோமதி, வேண்டாம், ஆறிய புண் என்கிறாள். ஆனால் பிச்சையா கதை அவள் காதுக்கும் போயிருக்கிறது. மல்லாக்கப் போட்டு நெஞ்சை அழுத்தினார்கள், பிழைத்தார் என்று ஊரே சொல்கிறது. அன்று நாம் குப்புறப் போட்டதை அவளும் பக்கத்தில் நின்று பார்த்தவள்தானே. எல்லா வருடமும் போலத் தையில் பனங்கிழங்குக் கட்டோடு வந்து என் திண்ணையில் உட்காருவாள். அவள் கேட்டால் நான் என்ன சொல்வது? அதற்குள் எழுதும். முடிந்தால் நீரே வந்து பக்கத்தில் உட்காரும்.

உம்,
ஆறுமுகம்