ஸ்பானியக் கேள்விகளைத் தமிழிலிருந்தே தொடங்குங்கள்

தமிழ் மாணவர்களுக்கு ஸ்பானிய மொழி கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

தொடக்க வகுப்பில் கேள்விப் பாடம் வந்ததும் ஆங்கிலம் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'டூ யூ ஸ்பீக்' என்று பலகையில் எழுதி, 'டூ'வை அடித்துவிட்டு, மிச்சத்தை ஸ்பானியத்துக்கு மாற்றச் சொல்கிறீர்கள். தமிழ் பேசும் ஒருவருக்கு இந்தச் சுற்றுவழி எதற்கு? 'பேசுகிறாய்' என்றாலே அதற்குள் 'நீ' இருக்கிறது. அதற்கு ஸ்பானியச் சொல்லான 'ஆப்லாஸ்' என்பதும் அப்படித்தான். 'ஆப்லாஸ் எஸ்பான்யோல்' (ஸ்பானியம் பேசுகிறாய்) என்று குரலை இறக்கி முடித்தால் செய்தி, ஏற்றி முடித்தால் கேள்வி. நம் 'ஆ' செய்யும் வேலையை அங்கே குரல் செய்கிறது. எழுத்தில் குரல் கேட்காதே! நீளமான கேள்வியைப் படிப்பவருக்கு அது கேள்வி என்று முதலிலேயே தெரியவேண்டும் என்றுதான் ஸ்பெயினின் அரச மொழிக்கழகம் 1754இல் வாக்கியத்தின் முன்னால் தலைகீழ்க் கேள்விக்குறியைக் கொண்டுவந்தது.

'எங்கிருந்து', 'யாரோடு', 'யாருக்கு' என்று நம் உருபுகள் கேள்விச்சொல்லை விட்டுப் பிரிவதில்லை. ஸ்பானியத்திலும் 'தே தோந்தே', 'கோன் கியென்', 'ஆ கியென்' என்று சேர்ந்தேதான் வரும், என்ன, உருபு முன்னால் நிற்கும். ஆங்கில வழியாக வந்த மாணவரோ 'ஃப்ரம்' போல அதைக் கடைசிக்குத் தள்ளி 'தோந்தே எரெஸ் தே' என்கிறார். 'நீ எந்த ஊர்?' என்று கேட்க 'தே தோந்தே எரெஸ்' என்பதே சரி. மரியாதையும் அப்படித்தான். 'நீ', 'நீங்கள்' பழகிய நமக்கு 'தூ', 'உஸ்தெத்' புதிதல்ல. ஆங்கிலத்தின் ஒற்றை 'யூ'தான் அந்த வேறுபாட்டை மறைக்கிறது.

தமிழே காலை வாரும் இடமும் ஒன்று உண்டு. அதற்குத்தான் வகுப்பில் நேரம் வேண்டும். ஸ்பானியத்தில் 'எப்போது' என்பதற்கும் 'எவ்வளவு' என்பதற்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'குவாந்தோ'தான். முதலாவதில் வருவது 'பந்து'வில் உள்ள மெல்லிய 'து'வின் ஒலி, இரண்டாவதில் 'பத்து'வில் உள்ள வல்லொலி. நம் நாக்கு 'ந்' வந்ததும் அடுத்த எழுத்தைத் தானாக மென்மையாக்கிவிடும். அதனால் கடையில் 'குவான்த்தோ குவெஸ்தா', அதாவது 'என்ன விலை', என்று கேட்க நினைப்பவர் வாயிலிருந்து 'எப்போது விலை' வந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்து இதை எந்த ஆங்கிலவழிப் பாடமும் சொல்லித்தருவதில்லை. ஆங்கிலம் பேசுபவர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லையே! தமிழ் தெரிந்த நீங்கள்தான் சொல்லமுடியும்.

அடுத்த தொகுதி தொடங்கும்போது 'பந்து', 'பத்து' இரண்டையும் முதல் நாளே பலகையில் எழுதிவிடுங்கள். மாணவர்கள் ஒருவரையொருவர் ஊர் கேட்கட்டும், பேனாவுக்கு விலை கேட்கட்டும். வினைச்சொல் அட்டவணை அப்புறம் வரட்டும்.

இப்படிக்கு,
ஸ்பானியம் படிக்கும் ஒரு தமிழ் மாணவர்