குமரிக் கரையில் பிளாஸ்டிக் குருணை அள்ளுவோர் கவனத்துக்கு

2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பலில் இருந்த குருணைகள், அதாவது பிளாஸ்டிக் பொருள் செய்ய உருக்கும் சின்ன மணிகள், நம் கரை வரை ஒதுங்கின. பார்க்க ஜவ்வரிசி மாதிரிதான்; முட்டையென்று நினைத்து மீன் விழுங்கிவிடும்.

அலை ஏறி நின்ற கோட்டில், காய்ந்த மணலில் மேலே இரண்டு விரல் கனம் மட்டும் வாருங்கள். ஈர மணல் சல்லடைக் கண்ணை அடைத்துவிடும். அள்ளியதைச் சலித்து, சல்லடையில் மிஞ்சியதைக் கடல்நீர் வாளியில் கொட்டிக் கலக்குங்கள். மணல் அடியில் தங்கும், பாலிஎத்திலீன் குருணை மிதக்கும். டீ வடிகட்டியால் எடுத்துவிடலாம். மிச்சத் தண்ணீரை அப்படியே கடலில் ஊற்றாமல் துணியில் வடித்து ஊற்றுங்கள், நழுவுவது இங்கேதான்.

ஜேசிபி வேண்டவே வேண்டாம், குருணையை ஆழத்தில் புதைத்துவிடும். அடம்பங்கொடியைப் பிடுங்காதீர்கள். கையுறை கட்டாயம். வெறும் சாக்கில் இடுக்கு வழியாகக் கொட்டும். உள்ளுறை போட்ட சாக்கு கொண்டுவாருங்கள்.