அரிசியில் ஒல்லி, மக்காச்சோளத்தில் பருமன்

தண்டையார்பேட்டை

அன்புள்ள சண்முகத்துக்கு,

இங்கே அனைவரும் நலம். நீ உடுமலையிலிருந்து கொடுத்தனுப்பிய மக்காச்சோளத்தில் பாதியை மாவாக அரைத்துவிட்டோம். மீதியை வண்டு பிடித்துக்கொண்டது. அதற்காக வருந்தாதே, மூன்று மாதமாக எனக்குப் பொழுது போவதே அந்த வண்டுகளால்தான்.

ரேஷன் அரிசியைப் புடைக்கும்போது முறத்தில் ஓடுமே, அந்தக் கூன்வண்டுகளின் பக்கத்தில் உன் மூட்டை வண்டுகளை விட்டபோது, வேறு இனம் என்றே நினைத்தேன். மக்காச்சோளக் கூன்வண்டு என்று சற்றுப் பெரிய இனம் ஒன்று உண்டுதான். ஆனால் இரண்டுமே இரண்டு தானியங்களையும் தின்னும் என்பதால், அளவை வைத்து இனம் சொன்னால் ஏமாந்துபோவோம். உடலைப் பிரித்து இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தால்தான் நிச்சயம்.

ஆகவே, அரிசியிலிருந்து பொறுக்கிய இருபது வண்டுகளை, கடையில் வாங்கி ஒரு வாரம் ஃபிரீசரில் வைத்தெடுத்த மக்காச்சோளத்தோடு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, வாயை மல்துணியால் கட்டிவைத்தேன். நம்மூர்ச் சூட்டில் ஐந்து வாரம் கழித்து வெளிவந்த பிள்ளைகள் பெற்றவர்களைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி பருமனாக இருந்தன! தாய் வண்டு மூக்கால் மணியைத் துளைத்து, முட்டை ஒன்றை உள்ளே வைத்து, துளையைப் பசைபோன்ற ஒன்றால் அடைத்துவிடுகிறது. காலில்லாத அந்தப் புழு அதே மணிக்குள் தின்று, கூட்டுப்புழுவாகி, வண்டான பின்பே வெளியே வருகிறது. வண்டாகி ஓடு இறுகிய பிறகு எவ்வளவு தின்றாலும் வளராது. அரிசிக்குள் பிறந்தது அரிசி கொடுத்த அளவோடு நின்றுவிடுகிறது. காராமணி வண்டுக்கும் இதே கதைதான். ஒரே பயற்றுக்குள் பல புழுக்கள் பங்கு போட்டால் எல்லாமே குறுகிப் போகும்.

அளவாவது பரவாயில்லை, வெள்ளை ஈயில் உருவமே மாறுகிறது. அதன் கூட்டுப்புழு, சுணையுள்ள இலையில் வளர்ந்தால் முதுகில் நீண்ட முடிகளோடும், வழவழப்பான இலையில் வளர்ந்தால் அவை இல்லாமலும் இருக்கும். 1889இல் கிரேக்க நாட்டுப் புகையிலைச் செடியில் கண்டு பெயரிடப்பட்ட அதே பூச்சிக்கு, இந்தியப் பருத்தியில் அதைப் பார்த்தவர்கள் 1929இல் வேறு பெயர் வைத்தார்கள். பூச்சியியலாளர் லூயிஸ் ரசல் 1957இல் இப்படிப்பட்ட பெயர்கள் பலவற்றையும் ஒன்றாக்கினார். செடிக்கேற்ப உருவம் மாறுவதை இன்னொரு பூச்சியியலாளர் லாரன்ஸ் மவுண்ட் 1963இல் எழுதினார். பிற்பாடு மரபணுவைப் பார்த்தவர்கள் அதற்குள் பல இனங்கள் உண்டென்று மறுபடி பிரித்தது வேறு வேடிக்கை.

அடுத்த முறை யாராவது இந்தப் பக்கம் வந்தால், வெள்ளைச் சோளம் ஒரு படி கொடுத்தனுப்பு. பெரிய வண்டுகளை அதில் விட்டு, பேரப்பிள்ளைகள் மறுபடி இளைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வண்டில்லாத சோளமாக இருக்கட்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்