வெளிநாட்டுச் சரக்கு: விலைக்கு முன் லேபிளைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அதிகாரபூர்வ விநியோகஸ்தர் வழியாக வராத சரக்கு எல்லாமே போலி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பல நேரம் அது அதே கம்பெனி தயாரித்த அசல் பொருள்தான், ஆனால் வேறொரு நாட்டுச் சந்தைக்காகச் செய்தது. வம்பு தொடங்குவது அதில்தான்.

ஃபிரிட்ஜ் போன்ற மோட்டார் சாதனங்களில் ரொம்பக் கவனம் வேண்டும். லேபிளில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் (மின்சாரம் நொடிக்கு எத்தனை சுற்று அலைகிறது என்ற அளவு) மட்டும் இருந்தால், டிரான்ஸ்ஃபார்மர் வைத்துச் சமாளிக்கலாம் என்று கடைக்காரர் சொல்வார். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸில் சாதாரண இண்டக்‌ஷன் மோட்டாரின் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். அதிக மின்னோட்டம் இழுத்துச் சூடாகி, காயில் கருகிவிடலாம். ‘100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்று அச்சிட்ட சார்ஜருக்கு இந்தக் கவலை இல்லை, பிளக் அடாப்டர் இருந்தால் போதும்.

செல்போனில் மாடல் எண்ணின் கடைசி எழுத்து வரை ஒப்பிடுங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் 4ஜி, 5ஜி அலைவரிசைகள் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் நெட்வொர்க்கின் அலைவரிசை இல்லையென்றால் வீட்டுக்குள் சிக்னலே கிடைக்காமல் போகலாம். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) பெட்டியில் உள்ளதோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

கேமரா லென்ஸ் வாங்குவோர் துணிந்து வாங்கலாம் என்பதே என் கருத்து. அதில் பெரும்பாலும் வாரண்டி மட்டுமே வித்தியாசம். ‘கடை வாரண்டி’ என்றால், பழுது பார்ப்பது யார், அனுப்பும் செலவு யாருடையது என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்